வயிற்றில் குடியிருப்பது

மழை பிடித்துவிட்டால் அந்தச் சமையலறையில் எதுவும் காயாது. தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். அது வியர்த்துக்கொண்டே இருக்கும். கைத்துணி, வெட்டுப்பலகை, தலையில் மாட்டும் வலைத்தொப்பி என்று எல்லாவற்றிலும் ஈர வாடை ஏறிக் கிடக்கும். துணி தைக்கும் தொழிற்சாலையின் பின்பக்கம், நீராவிக் குழாய்கள் ஓடுகிற சுவரை ஒட்டி இருந்தது அந்தக் கேன்டீன். இரண்டு ஷிப்டுக்கும் அங்கேதான் சாப்பாடு. பெரிய பெரிய அண்டாக்கள், ஆள் உயரத்துக்குத் துடுப்பு, காதை அடைக்கிற புகைபோக்கி விசிறி. அந்தச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிப் பழகியதால் அங்கே வேலை செய்த பெண்களுக்கு வீட்டுக்குப் போனாலும் குரல் இறங்காது.

தலைமைச் சமையற்காரியை எல்லோரும் உப்பக்கா என்று கூப்பிட்டார்கள். அவள் அளவுக் கரண்டி வைத்துக்கொள்வதில்லை. உப்பை அள்ளி அண்டாவின் மேல் ஒரு சுற்று வீசுவாள். கொஞ்சம் கொதிக்கவிட்டு, அகப்பையிலிருந்து இடது உள்ளங்கையில் சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள். "ம்" என்றால் இறக்கலாம். அவள் "ம்" சொல்லாமல் அங்கே எந்த அண்டாவும் அடுப்பை விட்டு இறங்கியதில்லை.

அந்த வருஷ மழையில் குளிர் அறையின் மோட்டார் நின்றுபோனது. ரிப்பேர்காரர் நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று இழுத்தடித்தார். உறைந்திருந்த கோழி பாதி இளகித் தண்ணீர் விட்டது. கோழி வெட்டிய பலகையிலேயே யாராவது வெள்ளரிக்காயை வெட்டினார்களா, அல்லது இளகிய தண்ணீர் கீழ்த்தட்டுக் காய்கறியில் சொட்டியதா என்று கடைசிவரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. மறுநாள் பாதித் தையல் மெஷின்கள் ஆளில்லாமல் கிடந்தன. வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல். பலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. உப்பக்காவும் விழுந்தாள்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தெருமுனை மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். காய்ச்சலோ பல்வலியோ தொண்டைக்கட்டோ, எது வந்தாலும் அவளுக்கு அந்தக் கடைதான். வயிற்றுப்போக்கு நின்றதும் மிச்ச மாத்திரையை அலமாரியில் போட்டாள். அங்கே ஏற்கெனவே பாதி தீர்ந்த அட்டைகள் நிறையக் கிடந்தன.

நல்ல வேளை, உயிருக்கு எதுவும் ஆகவில்லை. சுகாதாரத் துறையிலிருந்து வந்து, சமையலறைப் பெண்கள் எல்லோரிடமும் மலம் எடுத்துத் தரச் சொல்லி ஆளுக்கொரு டப்பா கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"இத்தனை வருஷமா சோறு போட்டோம். இப்ப இதையும் கேக்கறாங்க பாரு," என்றாள் காய் நறுக்குகிறவள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கெல்லாம் சுத்தம் என்று வந்தது. உப்பக்காவுக்கு மட்டும் கிருமி இருக்கிறது என்று வந்தது. இன்னொரு தடவை கொடுத்துப் பார்த்தாள். அப்போதும் இருந்தது.

மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு, "உக்காருங்கக்கா," என்றார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிற ஆள் இல்லை. அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் சுகாதார அதிகாரி அம்மாள் ஒருத்தர் இருந்தார்.

"அந்தக் கிருமி உங்க வயித்துல இன்னும் இருக்கும்மா."

"எனக்கு ஒண்ணுமே இல்லையே. நல்லா சாப்பிடறேன், தூங்கறேன்."

"உங்கள ஒண்ணும் பண்ணாது. ஆனா வெளிய வந்துக்கிட்டே இருக்கு. கை வழியா, சாப்பாடு வழியா அடுத்தவங்களுக்குப் போயிடும். வரிசையா மூணு தடவ இல்லன்னு வரணும். அதுவரைக்கும் நீங்க சமையல்கட்டுப் பக்கம் வரக்கூடாது."

"பாத்திரம் கழுவறேனே."

"அதுவும் வேண்டாம்மா."

"காய் மூட்டை எறக்கற எடத்துலயாவது நிக்கறேன். கணக்குப் பாத்து வாங்கி வைக்க ஆள் வேணும்ல?"

மேனேஜர் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "வேலை எங்கயும் போகாதுக்கா. உடம்பப் பாத்துக்கிட்டு வாங்க," என்றார்.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று மறுபடியும் சொல்ல வாய்வரை வந்தது. வலைத்தொப்பியைக் கழற்றி மடித்து வைத்தாள். அவளுடைய சாப்பாட்டு டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்து வந்து கொடுத்த பெண், அதைக் காகிதத்தால் பிடித்திருந்தாள். வேண்டுமென்று செய்ததில்லை. தான் அப்படிப் பிடித்திருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் காகிதத்தைக் கசக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அவர்கள் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. கூடமும் அறையும், ஒரு சின்ன அடுக்களை, ஒரே ஒரு கழிப்பறை. அவளுடைய புருஷன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். "ஊருக்கெல்லாம் நான் லிஃப்ட்டு மாட்டிக் குடுத்தேன், எனக்கு மாடிப்படி," என்று படியேறும்போதெல்லாம் சொல்வார். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். இரண்டு சிறுநீரகமும் கெட்டு, இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு, வேலையை விட்டு, ஆள் பாதியாகிக் கிடந்தபோது உப்பக்காதான் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அது சேர்ந்துவிட்டது. ஆனால் உடம்பு அதை வெளி ஆள் என்று தள்ளிவிடாமல் இருக்க அவர் காலையும் மாலையும் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருந்தது. வீட்டில் உட்கார்ந்து அக்கம்பக்கத்து மிக்சி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் பழுது பார்ப்பார். குழந்தைகள் கிடையாது. இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான்.

அவள் நடந்ததைச் சொன்னதும் அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அதனால என்ன. கொஞ்ச நாள் வீட்ல இரு. என்னிக்கு நீ வீட்ல இருந்திருக்க?"

"உங்களுக்கு ஒட்டிக்கிச்சுன்னா?"

"ஒட்டறதா இருந்தா இந்நேரம் ஒட்டியிருக்கும். கவலப்படாத. உன் கிட்னிக்கு உன்னைத் தெரியாதா?"

அவருக்கும் சோதித்துப் பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. ஆனால் அவரைப் பார்க்கிற சிறுநீரக டாக்டருக்கு விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது. உப்பக்காவை அதே ஆஸ்பத்திரியில் கிருமி வியாதிகளைப் பார்க்கிற டாக்டரிடம் அனுப்பினார்.

அந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். சோதனைத் தாளைப் பார்த்து வரிசையாக மருந்துப் பெயர்களைப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரே எழுத்துதான் இருந்தது.

"இதுல எந்த மாத்திரைக்கும் இது கேக்காதும்மா. நரம்புல போடற ஊசி ஒண்ணு ரெண்டுதான் மிச்சம். நீங்க இதுக்கு முன்னாடி மாத்திரை நெறைய சாப்பிடுவீங்களா?"

"லீவு போட முடியாதுங்க. காய்ச்சல்னா கடையில வாங்கிப் போட்டுக்குவேன். சரியாயிட்டா நிறுத்திடுவேன்."

திட்டு விழும் என்று காத்திருந்தாள். டாக்டர் திட்டவில்லை.

"எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. கோழிப் பண்ணையிலயும் தீவனத்துல கலந்து போடறாங்க. எங்கேர்ந்து ஆரம்பிச்சதுன்னு சொல்ல முடியாது."

"நான்தான் கேன்டீன்ல எல்லாருக்கும் குடுத்தேனா டாக்டர்?"

"அப்படித் தெரியல. எல்லாரும் ஒரே சமயத்துல விழுந்திருக்கீங்க. கோழியிலேர்ந்து உங்களுக்கும் சேர்த்துத்தான் வந்திருக்கும்."

"அப்ப மத்தவங்களுக்கெல்லாம் போயிடுச்சு, எனக்கு மட்டும் ஏன் போகல?"

டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நம்ம வயித்துல கோடிக்கணக்குல நல்ல கிருமிங்க குடியிருக்கு. வயித்துப்போக்குல அதுல பெரும்பகுதி அடிச்சுக்கிட்டுப் போயிடும். நீங்க போட்ட மாத்திரையும் மிச்சம் இருந்த நல்லதுங்களத்தான் கொன்னிருக்கு. இது சாகல. காலியாக் கெடந்த வீட்டுல இது குடிவந்துடுச்சு. அதோட இன்னொண்ணு இருக்கு. மருந்துக்குச் சாகாம இருக்கறதுக்கு இதுக்குள்ள ஒரு மரபணு இருக்கு. அது இதோட நிக்காது. பக்கத்துல சாதுவா இருக்கற மத்த கிருமிக்கும் அத நகல் எடுத்துக் குடுத்துடும்."

"சொல்லிக் குடுக்கறாப்பலயா?"

"அப்படி வச்சுக்கலாம்."

"அந்த ஊசியப் போட்டுடுங்களேன்."

"உடம்புல ஒரு தொந்தரவும் இல்லாதப்ப போட்டா, நல்லதுதான் இன்னும் சாகும். இது இன்னும் அதிக நாள் தங்கிடும். உங்களுக்கு இருக்கறதும் ஒத்தக் கிட்னி, அதையும் பாக்கணும். நல்ல கிருமிங்க மெல்ல வளர்ந்து வந்து தன்னோட எடத்தப் பிடிச்சா, இது தானா வெளிய போயிடும். சில பேருக்கு வாரக்கணக்குல, சில பேருக்கு மாசக்கணக்குல."

"அதுவரைக்கும் நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாம இருக்கணும்மா."

அவளுக்கு அது புரியவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது ஒரு வைத்தியம் என்று யாரும் அதுவரை அவளிடம் சொன்னதில்லை.

"உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் இது போயிடக் கூடாது," என்றார் டாக்டர். "அவருக்கு வந்தா வயித்தோட நிக்காது, ரத்தத்துல ஏறிடும். குடுக்கறதுக்கு மருந்தும் கையில பெருசா இல்ல. ரெண்டு பேருக்கும் தனித்தனிக் கழிப்பறை இருக்கா?"

"ஒண்ணுதான்."

டாக்டர் பேனாவை மூடினார். அவள் எழுந்தாள். வாசலுக்குப் போனவள் திரும்பி நின்று, மெதுவாகத்தான் சொன்னாள்: "என் கிட்னியவே அவருக்குக் குடுத்தேன். இப்ப ஒரு தம்ளர் தண்ணி குடுக்கக் கூடாதுங்கறீங்க."

லிஃப்ட்காரரின் அக்கா மறுநாளே வந்தார். அவர் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. மகன் வீட்டோடு இருந்துகொண்டு, ஜன்னலோரத்தில் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவர். பேச்சு கத்தரிக்கோல் மாதிரி இருக்கும், ஆனால் மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. வந்தவர் உட்காரவில்லை.

"எங்க வீட்ல ரெண்டு கக்கூஸ் இருக்கு. மாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு. இவன் வந்து இருக்கட்டும்."

"எனக்கு எதுக்குக்கா மாடி ரூமு. நான் இங்கயே ஓரமா இருந்துக்கறேன்," என்றார் லிஃப்ட்காரர்.

"ஓரமா இருப்பியா? அவ சமைப்பா, நீ தட்ட நீட்டுவ. நீட்டாம உன்னால இருக்க முடியுமா?"

"அண்ணி சொல்றது சரிங்க," என்றாள் உப்பக்கா. அவள் அறைக்குள் நின்று பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துணியைத் தொடுமுன்னும் கையைக் கழுவினாள். மாத்திரைப் பெட்டியை மட்டும் அவரையே எடுத்து வைக்கச் சொன்னாள்.

"காலை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி. மறந்துடாதீங்க. தண்ணி காய்ச்சித்தான் குடிக்கணும். அண்ணி, அவருக்கு உப்பு பாதிதான் போடணும். பழம் நீங்களே தோலு சீவிக் குடுங்க."

"எல்லாம் தெரியும். என் கையில வளந்தவன்தான் இவன்."

படியில் அவர் இறங்கும்போது அவள் கதவோரம் நின்றாள். வழக்கமாக அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்குவாள். முதல் திருப்பத்தில் அவர் நின்று மேலே பார்த்தார்.

"ஒரு வாரத்துல வந்துடுவேன்."

"ம்," என்றாள்.

கீழே ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. உள்ளே வந்தவள் கழிப்பறையைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு கூடம், பிறகு அடுக்களை. கழுவ வேறெதுவும் இல்லாமல் போனபோது மாலை ஆகியிருந்தது.

ஒரு வாரம் என்றது போய்விட்டது. அடுத்த டப்பாவைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி ஜன்னலில் கொடுத்துவிட்டு வந்தாள். இருக்கிறது என்று சொன்னார்கள். அதற்கடுத்த முறையும் அதுதான். டப்பாவைத் துணிப்பையில் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவாள். பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மாள் ஒரு தடவை, "வீட்லேர்ந்து சாப்பாடு கொண்டுபோறீங்களா?" என்று கேட்டாள். "ஆமா," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய் இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தவள், பாதி வழியில்தான் வீட்டில் அவர் இல்லை என்பதை நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஆளுக்குச் சமைக்க அவளுக்கு வரவில்லை. ஐந்நூறு பேருக்குப் பொங்கிய கைக்கு ஒரு பிடி அரிசி கண்ணிலேயே படவில்லை. முதல் நாள் வடித்தது மூன்று வேளைக்கு வந்தது. பிறகு அரிசி போடுவதையே விட்டாள். ஒரு முட்டையை வேக வைப்பாள். அடுப்பை அணைத்த பிறகு அந்த முட்டை பாத்திரத்துக்குள் இடித்து இடித்து அடங்கும்வரை நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டில் அது ஒன்றுதான் சத்தம். முட்டையை நின்றபடியே தின்பாள்.

எதிர் வீட்டுக்காரி நல்லவள். முன்பெல்லாம் காலையில் பாதிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவாள். கேன்டீன் விஷயம் எப்படியோ தெரிந்த பிறகு பேச்சு குறையவில்லை, ஆனால் கதவு திறப்பது குறைந்தது. "சாப்டீங்களா?" என்று உள்ளேயிருந்தே கேட்பாள். கேன்டீன் பெண்கள் ஒரு நாள் நான்கைந்து பேராக வந்தார்கள். பழம் வாங்கி வந்திருந்தார்கள். உட்கார்ந்தார்கள், சிரித்தார்கள், புதுச் சமையற்காரி அளவுக் கரண்டியோடு அலைவதைச் செய்து காட்டினார்கள்.

"டீ போடட்டுமா?" என்று கேட்டுவிட்டாள் உப்பக்கா. பழக்கம்தான்.

எல்லோரும் காய் நறுக்குகிறவளைப் பார்த்தார்கள்.

"இப்பத்தான்க்கா குடிச்சிட்டு வந்தோம்," என்றாள் காய் நறுக்குகிறவள்.

"ஆமாமா, நானும் போடக் கூடாதுதான். மறந்துட்டேன்," என்றாள் அவள். அவர்கள் போன பிறகு அவர்கள் உட்கார்ந்த பாயை உதறிச் சுருட்டி வைத்தாள். யாரும் சுவரில் சாய்ந்திருக்கவில்லை என்பதை அப்போதுதான் யோசித்தாள்.

அவர் தினமும் போன் பண்ணுவார்.

"அக்கா சமையலு வாய்ல வைக்க வெளங்கல."

"அப்படிச் சொல்லாதீங்க. அவங்க காதுல விழும்."

"மாடியில இருக்கேன், விழாது. நேத்து ஒரு குழம்பு. தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்ட கையோட பண்ணியிருப்பாங்க போல."

"மாத்திரை?"

"சாப்டேன். நீ என்ன சாப்ட?"

"சோறு, கொழம்பு, முட்டை, எல்லாம்தான்."

"பொய் சொல்ற. உன் கொரலே எறங்கிப் போச்சு. மெல்லப் பேசற."

அவள் யோசித்தாள். உண்மைதான். கத்திப் பேச எதிரே யாரும் இல்லாததால் தொண்டை தானாகவே இறங்கிவிட்டிருந்தது.

மழை விட்டு வெயில் ஏறத் தொடங்கிய ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. அவர் தட்டுகிற விதம் அவளுக்குத் தெரியும். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு.

தாழ்ப்பாளில் கை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"யாரு?"

"யாரா? நான்தான். தொற."

"எப்படி வந்தீங்க? அண்ணி கூட வந்தாங்களா?"

"பஸ்ல வந்தேன். அக்காவுக்குத் தெரியாது. மூணு மாடி ஏறியிருக்கேன், மூச்சு வாங்குது. தொற."

"படியில உக்காருங்க. அவசரப்படாதீங்க, மூச்ச விடுங்க."

அவர் உட்கார்கிற சத்தம் கேட்டது. அவளும் கதவின் இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியில் அவருடைய செருப்பின் நுனி தெரிந்தது. வார் ஒன்று அறுந்து கம்பி வைத்துக் கட்டியிருந்தார்.

"செருப்பு வாங்கிக்கக் கூடாதா?"

"நல்லாத்தான் இருக்கு. என்ன சமைச்ச? வாசனை வருதே."

அன்றைக்கென்று அவள் உருளைக்கிழங்கு வேக வைத்து, வெங்காயம் தாளித்திருந்தாள். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்படிச் செய்யத் தோன்றியிருந்தது.

"ஒண்ணுமில்ல. எதிர் வீட்ல."

"எதிர் வீடு பூட்டியிருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "கொஞ்சம் போட்டு வெளிய வை. நான் கையக் கழுவிட்டுத் திங்கறேன். நீ உள்ளயே இரு. நான் உன்னத் தொடக்கூட மாட்டேன்," என்றார்.

"வேண்டாங்க."

"நெருப்புல வெந்த கெழங்குல என்னடி இருக்கப்போவுது?"

"வெந்ததுல இல்ல. என் கையில இருக்கு. தட்டுல இருக்கும், கரண்டியில இருக்கும். எதுல இருக்குன்னு கண்ணுக்கா தெரியுது?"

"பசிக்குது. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. உன்னப் பாத்துட்டு இங்க சாப்பிடலாம்னு வந்தேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுப்பின் மேல் பாத்திரம் மூடியிருந்தது. எழுந்து நாலு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். உடம்பு எழப்பார்த்தது. அவள் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே போட்டு அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கீழ ரொட்டிக் கடை இருக்கு. பாக்கெட் பிரிக்காததா வாங்கிச் சாப்பிட்டுட்டுப் போங்க."

வெகு நேரம் அந்தச் செருப்பு நுனி அசையாமல் இருந்தது.

"சரி," என்றார் கடைசியில். "எனக்கென்ன. கதவத் தொறக்கக்கூட மனசு வரல உனக்கு." கைப்பிடிக் கம்பியைப் பிடித்து எழுந்தார். ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். அவள் ஜன்னலுக்கு ஓடினாள். அவர் தெருவைக் கடந்தார், ரொட்டிக் கடையைக் கடந்தார், உள்ளே போகவில்லை. பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் வெயிலில் நின்றார். மேலே பார்க்கவே இல்லை.

உருளைக்கிழங்கை அவள் அப்படியே குப்பையில் கொட்டினாள். அண்ணிக்குப் போன் செய்து, அவர் பசியோடு வந்துகொண்டிருக்கிறார் என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவர் போன் செய்வது நின்றுபோனது. அவள் செய்தால் அண்ணிதான் எடுத்தார். "இருக்கான். சாப்பிடறான். முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கான். விடு, சரியாயிடும்," என்பார். ஒரு தடவை குரலைத் தாழ்த்தி, "நீ பண்ணதுதான் சரிம்மா. நானா இருந்தா தொறந்திருப்பேன்," என்றார். அதைக் கேட்ட பிறகு உப்பக்கா அழுதாள். அதுவரை அழவில்லை.

வெயில் முற்றியபோது ஒரு சோதனையில் இல்லை என்று வந்தது. அடுத்ததிலும் இல்லை. மூன்றாவதைக் கொடுத்துவிட்டுப் போனவளை, டாக்டரே போனில் கூப்பிட்டு வரச் சொன்னார்.

"போயிடுச்சும்மா. மூணும் சுத்தம். கேன்டீனுக்கு எழுதிக் குடுக்கறேன்."

"வீட்டுக்காரர்?"

"வரலாம். சமையலும் பண்ணலாம். கை கழுவறது, நல்லா வேக வைக்கறது, அந்த வழக்கத்த மட்டும் விட்டுடாதீங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. "டாக்டர், அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க. அது பக்கத்துல இருக்கறதுக்கு நகல் எடுத்துக் குடுத்துடும்னு."

"ஆமா."

"இது போயிடுச்சு. நகல் வாங்கினது எங்க?"

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அது உங்க வயித்துல கொஞ்ச நாள் இருக்கலாம். நாளாக நாளாகக் கொறையும். அது வியாதி பண்ற கிருமி இல்ல, சாதுவானதுதான். என் வயித்துலகூட இருக்கலாம்."

"அவருக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆக வாய்ப்பு ரொம்பக் கம்மி."

"ஆகவே ஆகாதுன்னு சொல்ல முடியுமா?"

"அப்படி யாராலயும் எதையும் சொல்ல முடியாதும்மா."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். அண்ணிக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தாள், வைத்தாள். இப்போது அவர் நன்றாக இருக்கிறார். அங்கே இரண்டு கழிப்பறை இருக்கிறது. இத்தனை மாதம் அண்ணி கைச் சாப்பாட்டில் ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. கேன்டீனுக்கு மறுவாரமே போகத் தொடங்கினாள். பெண்கள் கைதட்டி வரவேற்றார்கள். அங்கே ஊருக்கே சமைத்துப் போட்டாள். அவருக்கு மட்டும் தகவல் சொல்லவில்லை.

மாதாந்திரச் சோதனைக்கு அவர் ஆஸ்பத்திரிக்கு வருகிற நாள் அவளுக்குத் தெரியும். ஷிப்ட் மாற்றிக்கொண்டு போனாள். காத்திருக்கும் கூடத்தில் கடைசி வரிசையில் அண்ணியும் அவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கொஞ்சம் சதை போட்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அண்ணி கையைக் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, வாய்க்குள்ளேயே "வா," என்றார். அவள் நடுவில் இரண்டு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள்.

"ரிசல்ட்டு வந்துதா?" என்றார் அண்ணி.

"இன்னும் வரல அண்ணி."

அவருடைய முறை வந்தது. உள்ளே போனார். வெளியே வந்தபோது அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன சொன்னாரு டாக்டர்?" என்று கேட்டாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்காம்," என்றார். "உனக்கு வந்துதா?"

"இல்ல."

"சரி."

வாசலில் பிரிந்தார்கள். அண்ணி வீட்டுக்குப் போகிற பஸ் இந்தப் பக்கம், அவளுடைய பஸ் எதிர்ப்பக்கம். அவள் சாலையைக் கடந்துபோய் நின்றாள். எதிரே அண்ணி ஏதோ கேட்பதும், அவர் தலையாட்டுவதும் வண்டிகளுக்கு நடுவில் விட்டுவிட்டுத் தெரிந்தது. பிறகு அவளுடைய பஸ் வந்து மறைத்தது. ஏறி, காலியாயிருந்த இருவர் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பப்போகும்போது யாரோ பக்கவாட்டுத் தகட்டைப் பலமாகத் தட்டினார்கள். டிரைவர் நிறுத்தினார்.

லிஃப்ட்காரர் கம்பியைப் பிடித்து மெல்ல ஏறினார். வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு அடங்கும்வரை முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி தேடப்போறாங்க."

"சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"துணியெல்லாம் அங்க இருக்கே."

"இருக்கட்டும்."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது.

"எனக்கு இன்னும்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"தெரியும். எப்பவோ போயிடுச்சாம். என் டாக்டர் சொன்னாரு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்ப அங்கயே ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு பாத்தேன்."

"உள்ள என்ன மிச்சம் இருக்குன்னு யாருக்கும் தெரியாதாம். அந்த டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

"என்கிட்டயும் அதத்தான் சொன்னாரு."

"கேட்டுட்டுமா வந்தீங்க?"

"கேட்டுட்டுத்தான் வந்தேன்."

அவள் மடியிலிருந்த பையை எடுத்தாள். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் அதை வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். தள்ளி வைக்கச் சொல்லவில்லை. தன் மாத்திரைப் பையை எடுத்து அதன் மேல் வைத்தார்.

கண்டக்டர் வந்து நின்றார்.

"ஒண்ணு குடுங்க," என்றாள் அவள். அத்தனை மாதப் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்தார். "உங்களுக்கு எங்க போகணும்?"

"அவங்க எறங்கற எடத்துக்கே," என்றார்.